கிரேக்கன் கடைக்கு ஓர் ஆட்சேபம்

கதிர்காமநாதன் ஜெர்மனிக்கு வந்து நாலு வருஷத்தில் முதன்முதலாக, பொறுப்புள்ள ஒரு குடிமகனாக நடந்துகொள்வது என்று தீர்மானித்தார். குடிமகன் என்ற சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கிவிடும்.

ஹம்பேர்க்கில் அவர் குடியிருந்த கட்டடத்தின் வாசற்கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. கீழே பூட்டிக்கிடந்த சப்பாத்துக் கடையை ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்கர் எடுத்து, சாப்பாட்டுக் கடை போடப் போகிறார். பியரும் வைனும் விற்க லைசென்ஸ் கேட்டு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருக்கிறார். அயலில் இருப்பவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வரலாம்.

கதிர்காமநாதன் அதை இரண்டுதரம் வாசித்தார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது கண் கொஞ்சம் கலங்கியது.

அவருக்கு மீன் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வரமாட்டார். எஸ்-பான் ரயிலில் வீட்டைத் தாண்டிப் போய், இரண்டாம் ஸ்டேஷனில் இறங்கி, அங்கே உள்ள மதுச்சாலையில் ஒரு மணித்தியாலம் இருப்பார். வீட்டில் சொல்கிற காரணம், சிநேகிதன் அருட்பிரகாசத்துக்குச் சுகமில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்பது. அருட்பிரகாசம் எட்டு மாதமாகச் சுகமில்லாமல் இருந்தார். அந்த எட்டு மாதமும் கதிர்காமநாதனுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

மீன் மணத்தில் பியர் மணம் அமுங்கிப்போகும் என்பது கதிர்காமநாதனின் நம்பிக்கை. ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கிற மனைவி கமலநாயகி ஒருதரம் மூச்சை இழுப்பாள்.

"இண்டைக்கு மீனுக்கு நல்ல வெறி போலை," என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது.

பனிக்காலத்தில் அந்த இரண்டு ஸ்டேஷன் பெரிய தண்டனை. கீழேயே ஒரு கடை வந்துவிட்டால்? குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னால் போதும். அருட்பிரகாசமும் ஒருவழியாகக் குணமாகலாம்.

ஆனால் கமலநாயகி விடமாட்டாள். அறிவித்தலைப் பற்றிச் சொன்னதுமே குதித்தாள்.

"என்ன, எங்கட காலுக்குக் கீழை சாராயக் கடையோ?"

"சாராயம் இல்லையப்பா. சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டோடை தொண்டை நனைக்க ஏதோ கொஞ்சம்."

"நீங்கள் என்ன சொல்லப் போறியள்?"

"நான் எதிர்ப்புத்தான். பின்னை?"

"அப்ப நானும் வாறன். பகல் முழுக்க வீட்டிலை கிடக்கிறவள் நான். நான் தமிழிலை சொல்லுறன், நீங்கள் அப்பிடியே டொச்சிலை சொல்லுங்கோ."

கதிர்காமநாதன் யோசித்தார். இவள் தமிழில் என்ன சொன்னாலும், மண்டபத்துக்குப் போய்ச் சேரப்போவது தன்னுடைய வாயால் வருகிற ஜெர்மன் மொழிதான். கமலநாயகிக்கு டொச் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் வந்ததில்லை, ஏனென்றால் அவளை வேலைக்கு விட அவர் சம்மதிக்கவில்லை. அகதி அந்தஸ்தும் வேலை அனுமதியும் கிடைத்த நாளிலிருந்து அவள் மூன்றுதரம் கேட்டுவிட்டாள்.

"எங்கட குடும்பத்திலை பொம்பிளையள் வேலைக்குப் போனதில்லை," என்றார் கடைசித் தரம்.

"உங்கட அம்மா பள்ளிக்கூட ரீச்சர் எல்லோ?"

"அது உத்தியோகம். வேலை இல்லை."

கமலநாயகி அதற்குப் பிறகு கேட்கவில்லை. தன்னுடைய தர்க்கம் வென்றுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மண்டபத்தில் இருபது பேரளவில் கூடியிருந்தார்கள். முன்மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா. ஓரமாக ஸ்டாவ்ரோஸ், பெரிய மீசையோடு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் மாடிக் கிழவர் முதலில் எழும்பினார். தன்னுடைய நாய்க்குக் கிரேக்கப் பாட்டுப் பிடிக்காது என்றார்.

"எந்தப் பாட்டு?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிடிக்காது. எனக்கு நாயைத் தெரியும்."

எதிர்வீட்டு விதவை ஒருவர், புருஷன் போனபிறகு தெருவில் சத்தமே இல்லை, என்ன கடையாவது வரட்டும் என்றார். இப்படிப் பாதிப்பேர் வேண்டும் என்றும் பாதிப்பேர் வேண்டாம் என்றும் சொல்லி முடித்தார்கள்.

"கடைக்கு நேர்மேலே குடியிருப்பவர்கள் யார்?" என்றார் அதிகாரி.

கதிர்காமநாதன் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"சத்தமும் மணமும் முதலில் உங்களுக்குத்தான் வரும். ஆகவே உங்கள் வீட்டுக் கருத்தை வைத்துத்தான் நான் முடிவு சொல்லவேண்டும். பகலில் வீட்டில் இருப்பது யார்?"

"என் மனைவி. அவருக்கு டொச் தெரியாது. நான் மொழிபெயர்க்கிறேன்."

கமலநாயகி எழும்பிச் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"இந்தக் கடை வந்தால், சத்தத்திலை என்ர பிள்ளையள் நித்திரை கொள்ள ஏலாது!"

கதிர்காமநாதன் டொச்சில் சொன்னார்: "ஆள் நடமாட்டம் இருந்தால் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்குவார்கள் என்கிறார்."

"இறைச்சி சுடுற புகை நேரை எங்கட சாமிப் படத்துக்கு வரும்!"

"சமையல் வாசனை தெய்வீகமாக இருக்குமாம்."

"வெறிகாரர் பாட்டுப் பாடிக்கொண்டு படியேறுவாங்கள்!"

"கலையில் அவருக்கு நல்ல ஈடுபாடு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கமலநாயகியைப் பார்த்தார். "ஆனால் கோபமாகப் பேசுவதுபோலத் தெரிகிறதே?"

"தமிழ் அப்படித்தான், அம்மணி. சந்தோஷம் கூடினால் சத்தமும் கூடும். கோபம் வந்தால் நாங்கள் வாயே திறப்பதில்லை."

இதில் பாதி உண்மை. கமலநாயகிக்கு மெய்யான கோபம் வந்தால் மூன்று நாளைக்குப் பேச்சு நின்றுவிடும். கதிர்காமநாதன் அந்த நேரத்தில் அதைக் கவனித்திருக்கலாம். அவர் தன்னுடைய திறமையில் மயங்கிப்போயிருந்தார். இந்தப் பக்கம் போடுகிற சொல் அந்தப் பக்கம் தலைகீழாக வந்து விழுந்துகொண்டிருந்தது, தொழிற்சாலை மெசின்போல.

"உந்தக் கிரேக்கன்ர குசினிக்குள்ளை நான் செத்தாலும் கால் வைக்க மாட்டன்!" என்றாள் கமலநாயகி.

மெசின் ஓடிய வேகத்தில் நிற்கவில்லை. "இந்தக் கிரேக்கரின் குசினிக்குள் கால் வைக்க உயிரையும் கொடுப்பாராம்."

ஸ்டாவ்ரோஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உண்மையாகவா? எனக்குச் சமையலுக்கு ஓர் ஆள் வேண்டும்! எத்தனை மணிக்கு வரமுடியும்?"

கதிர்காமநாதன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"என்னவாம்?" என்றாள் கமலநாயகி.

"ஒண்டுமில்லை. கிரேக்கன் மன்னிப்புக் கேக்கிறான்."

"அவன்ர மன்னிப்பு ஆருக்கு வேணும்? பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நான் வீட்டு வாசல் தாண்டிறதில்லை எண்டு சொல்லுங்கோ."

மண்டபம் முழுவதும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது பின்வாங்கினால் இதுவரை சொன்னதெல்லாம் சரிந்துவிடும். லைசென்சும் போய்விடும், மானமும் போய்விடும். சொல்லிவிட்டால் என்ன? கடை திறந்தபிறகு மனைவிக்குச் சுகமில்லை என்று ஸ்டாவ்ரோசிடம் சொல்லலாம். அருட்பிரகாசத்தை எட்டு மாதம் நோயாளியாக வைத்திருந்த அனுபவம் அவருக்கு இருந்தது.

"ஆறு மணிக்குப் பிறகு வரலாம் என்கிறார்," என்றார்.

"மேல்வீட்டு அம்மாவே அங்கே வேலைக்கு வருகிறார் என்றால், ஆட்சேபத்துக்கு இடமே இல்லை," என்று அதிகாரி சொன்னார். நாய்க்காரக் கிழவரும் பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது அதிகாரி வந்து கமலநாயகியின் கையைக் குலுக்கினார். கமலநாயகி அவரை நேரே பார்த்து, நிதானமாக, டொச்சில் சொன்னாள்:

"மிக்க நன்றி. கடை திறக்கிற நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடுவேன். நான் சொல்ல நினைத்ததை என் கணவர் மிக அழகாகச் சொன்னார்."

ஜெர்மன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் பார்த்துப் போடவேண்டிய டேர், டீ, டாஸ், ஒன்றும் பிசகவில்லை. நாலு வருஷமாகக் கதிர்காமநாதன் அந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து 'டெ' என்று விழுங்கிக்கொண்டு வந்தவர்.

தெருவுக்கு வந்ததும் அவர் மனைவியை மறித்தார்.

"எப்ப டொச் படிச்சனீர்?"

"நீங்கள் அருட்பிரகாசம் அண்ணைக்கு வருத்தம் பாக்கப்போன நேரங்களிலை. எதிர்வீட்டு அன்ரி சொல்லித் தந்தவ. எட்டு மாதம். அண்ணைக்கு இன்னும் இரண்டு மாதம் சுகமில்லாமல் இருந்தால் சோதினையும் எடுத்திருப்பன்."

"கிரேக்கன்?"

"கடை பாக்க வந்த நாளிலை நான் கத்தரிக்காய் பொரிச்சுக்கொண்டிருந்தனான். மணம் பிடிச்சு மேலை வந்திட்டார். சாப்பிட்டுப் பாத்திட்டு, லைசென்ஸ் கிடைச்சால் வேலை தாறன் எண்டவர்."

"என்னட்டை நேரை கேட்டிருக்கலாமே!"

"கேட்டனான். மூண்டு தரம். நான் கேக்கிறதுக்கு நேரெதிராய்த்தானே உங்கட வாயிலை வருது. அதுதான் இந்தமுறை வேண்டாம் எண்டு கேட்டுப் பாத்தன்."

கதிர்காமநாதன் நடையை எட்டிப் போட்டார். பேசினால் அது எப்படித் திரும்பி வரும் என்ற பயம் அவருக்கு வந்திருந்தது. வீட்டுக்குக் கிட்ட வந்தபோது மட்டும் ஒன்று கேட்டார்.

"உண்மையிலையே உமக்கு வேலைக்குப் போக ஆசையோ?"

"இந்தச் சுவருக்குள்ளை ஆரோடை கதைக்கிறது? பொரிச்ச கத்தரிக்காயோடையே?" என்றாள் கமலநாயகி. இதை மட்டும் அவள் சத்தம் போடாமல் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, அவர் அதற்குமேல் மறிக்கவில்லை.

மாசி மாதம் கடை திறந்தது. பின்னேரத்தில் சோறு வடிப்பதும் பிள்ளைகளுக்குத் தலை சீவி இழுப்பதும் கதிர்காமநாதனின் பொறுப்பாயின. கீழே பியர்க் கிளாசுகள் முட்டுகிற சத்தமும் சிரிப்பும் நிலத்தினூடாக மேலே வந்தன. கிரேக்கப் பாட்டும் வந்தது. நாய் ஆட்சேபிக்கவில்லை. அவர்தான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

இரண்டு கிழமை பொறுத்தார். சனிக்கிழமை எதிர்வீட்டு அன்ரி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்ததும், குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, நேரே கடைக்குள் போய், உயரக் கதிரையில் ஏறி இருந்தார். நாலு வருஷத்தில் வீட்டுக்கு இவ்வளவு கிட்டவாக ஒரு பியர்க் குழாயை அவர் பார்த்ததில்லை. ஸ்டாவ்ரோஸ் முகம் மலர்ந்து ஒரு கிளாசை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக் கதவு திறந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு கமலநாயகி வந்தாள்.

"நல்லவேளை வந்தியள். சனி ஞாயிறிலை கோப்பை கழுவ ஆள் இல்லையாம். உங்களை வரச்சொல்லி இவர் கேக்கிறார்."

"என்னை என்னெண்டு நினைச்சார்? செத்தாலும் ஏலாது எண்டு சொல்லும்!"

கமலநாயகி ஸ்டாவ்ரோசின் பக்கம் திரும்பி, ஒரு பிசகும் இல்லாத டொச்சில் சொன்னாள்:

"மிகவும் சந்தோஷமாம். இப்போதே தொடங்கலாமா என்று கேட்கிறார்."