மாமனார் மாட்டிய வலை

மாப்பிள்ளையை வலை போட்டுப் பிடித்த பெண்கள் உண்டு. நான் பிடித்தது மாமனாரை. அதுவும் நிஜ வலையில், காலங்காத்தாலே, மீசையோடு.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சபைப் பிள்ளைகள் எல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போக, நான் மட்டும் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பறவை எண்ணும் வேலைக்குப் போனேன். வடமாலபேட்டைப் பக்கம் புதர்க்காட்டை வெட்டி ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்குமுன் அங்கே எவ்வளவு பறவை இருக்கிறதென்று கணக்கு வேண்டும். குருவி வரிசையில் நிற்காது, ஒன்றையே நாலு தடவை எண்ணிவிடுவோம். அதனால் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலை கட்டி, விழுகிற பறவையின் காலில் குட்டி வளையம் மாட்டிப் பறக்கவிடுவோம். அடுத்த முறை விழுவதில் எத்தனைக்கு வளையம் இருக்கிறது என்று பார்த்து எங்கள் மேடம் கணக்குப் போடுவார். (நைனாவுக்கு இதைப் பலமுறை விளக்கினேன். "புடிக்கிறதுக்கும் சம்பளம், வுடறதுக்கும் சம்பளமா?" என்றுதான் கேட்டார்.)

அப்போது ரேணிகுண்டாவிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் டேவிட், ஸ்ரீ சிட்டியில் வேலை. போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. (நைனாவிடம் "யோசிக்கிறேன்" என்றேன்.) பையனின் அப்பா ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கு ஒரே சந்தேகம்: விடியறதுக்கு முன்னே காட்டில் ஒரு பொண்ணுக்கு இன்னா வேலை? "கல்யாணம் ஆனா வுட்டுடுவா" என்று சொல்ல நைனா தயார். நான் தயாரில்லை.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

நான் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். வலைப் பக்கம் கத்தக்கூடாது என்பது மேடத்தின் கட்டளை. பெரிய மீசைக்காரர் ஒருவர் ஒற்றையடிப் பாதையில் வலையை நோக்கி விறுவிறுவென்று வந்தார். பின்னால் தூரத்தில் ஓர் அம்மாள். கத்தவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், "உஸ்ஸ்ஸ்ஸ்!" என்றேன்.

அவர் காதில் அது பாம்பாக விழுந்தது.

"பாமு! பாமு!" என்று அலறிக்கொண்டு நேராக ஓடி வலைக்குள் பாய்ந்தார். சட்டைப் பொத்தான், கண்ணாடி, மீசை எல்லாம் சிக்கின. உதற உதற இன்னும் சிக்கின.

எனக்கு மூளை நின்றுபோய்ப் பயிற்சி மட்டும் வேலை செய்தது. மாட்டிய பறவையின் தலையை மூடினால் அமைதியாகிவிடும். துப்பட்டாவை எடுத்து அவர் தலையில் போட்டேன். (அமைதியாகிவிட்டார். இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.)

அதற்குள் அந்த அம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அடியே! என் வூட்டுக்காரரை இன்னா பண்ணிகினு இருக்கே? யார் நீ?"

"எஸ்தர்..."

"எந்த எஸ்தர்?"

ஊர் பேரும் நைனா பேரும் சொன்னேன். அந்தம்மாள் வாயில் கை வைத்தார். துப்பட்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது: "பொண்ணு பாக்கத்தாம்மா வந்தேன். ஒண்ணும் தெரில."

அந்த நேரம் பார்த்து வலையின் மறுமுனையில் ஒரு கொண்டைக்குருவி வந்து விழுந்தது. அவர் உதறினதில் முறுக்கிக் கிடந்த வலையில் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. வருங்கால மாமனாரா, குருவியா? கர்த்தாவே என்று கண்ணை மூடித் திறந்தேன்.

"அங்கிள், அது சின்ன உயிர், தாங்காது. நீங்க கொஞ்சம் அசையாம இருங்க."

காலை முதலில் விடுவித்து, பிறகு இறக்கை, கடைசியாகத் தலை என்று குருவியை எடுத்தேன். அது முடியும்வரை அவர் ஆடவே இல்லை. "ஆச்சா? நல்லாருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு அவர் முறை. பொத்தான் வந்தது, கண்ணாடி வந்தது, மீசை வரவில்லை. பையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. வலையோ வெளிநாட்டுச் சரக்கு, மேடம் உயிரை வாங்கிவிடுவார். மீசை உள்நாட்டு உற்பத்தி. வெட்டினேன்.

ஒரு பக்கம் மட்டும் மீசையோடு அவர் வந்த வழியே நடந்து போனார். நான் வீட்டுக்கு வந்து, டேவிட் போட்டோவைத் திருப்பித் தருவதற்காகக் கவரில் போட்டு வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. நைனா எடுத்தார். அந்தப் பக்கம் மீசைக்காரர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது: "பொண்ணை வேலைய வுட சொல்லாதீங்க. என்னையே நிக்கவெச்சிட்டு நோவுற உயிரை மொதல்ல பாத்துச்சு. நாளைக்கு நான் படுத்தாலும் பாத்துக்கும்."

நைனா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு மாமனார் முழு மீசை இல்லாமல்தான் வந்தார். அன்றிலிருந்து எந்த வாசலில் நுழைவதானாலும் கையை முன்னால் நீட்டித் துழாவிவிட்டுத்தான் நுழைவார். போன மாதம் முதன்முறையாக விமானம் ஏறினோம். ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் சோதனை வளைவின் முன் நின்று கையை நீட்டிக் காற்றைத் தடவினார். காவலர் முறைத்தார். மாமியார்தான் சமாளித்தார்:

"ஒண்ணும் இல்ல சார். ஒரு தபா வலையில மாட்டின பட்சி. பாத்துதான் நுழையும்."