செயினா, ஷாஃப்டா: மலைவளைவில் ஒரு மாநாடு

மோட்டார் சைக்கிள் உலகின் எதிர்காலம் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் மலை வளைவில் தீர்மானிக்கப்பட்டது. உலகத்துக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

விடியலிலிருந்து ரோசலின் வெட்டிச் சேர்த்த ரப்பர் பாலை இரண்டு கேன்களில் கட்டிக்கொண்டு, தோட்டத்து மோட்டார் சைக்கிளில் சசி புறப்பட்டான். முதல் வளைவிலேயே செயின் அறுந்தது. பால் உறைவதற்குள் அதை நிறுத்து எடுக்கும் ஸ்டோருக்குப் போகவேண்டும். உறைந்தால் 'அரைப் பேர்', பாதி நாள் சம்பளம். பின்னால் நடந்து வந்த ரோசலின் ஓடிவந்து கேன் கட்டை அவிழ்க்கப் போனாள்.

"ஸ்டோர் கீழதானே சசி, ஆளுக்கொரு கேன தூக்கிருவோம்."

"தொடாத!" என்றார் அந்த வழியாக வந்த வெளிக்கள உத்தியோகத்தர் பாக்கியநாதன். யூடியூப்பில் மோட்டார் சைக்கிள் படித்த மேதை அவர். "விசாரணை முடியிற வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாது. இதுக்குத்தான் செயினுக்குப் பதிலா இரும்புத் தண்டால சக்கரத்தச் சுத்துற ஷாஃப்ட் வேணுங்கிறேன். எண்ணெய் போட வேணாம், சேறு படாது, அறுந்தும் போகாது."

சசிக்கு மானப் பிரச்சினை. "ஷாஃப்ட் போச்சுன்னா கொழும்புக்குத்தான் சேர் ஓடணும். செயின் அவிசாவளையிலயே கிடைக்கும்."

"ஐயா, பாலு..." என்றாள் ரோசலின்.

"பொறு. இது தொழில்நுட்பம்."

சத்தம் கேட்டுத் தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணகுமார் வந்தார். கேனில் ஏறி உட்கார்ந்து 'தலைமை' ஏற்றார். "செயினா ஷாஃப்டாங்கிறத தொழிலாளிகிட்ட கேட்டுத்தான் முடிவு எடுக்கணும்!" மூவரும் கைதட்டினார்கள். தொழிலாளி பக்கத்திலேயே நின்றாள். ஒருவரும் கேட்கவில்லை.

"தலைவரே, எந்திரிங்க. நானே ரெண்டையும் தூக்கிட்டுப் போறேன்."

"உன் உரிமைக்குத்தானேம்மா பேசுறோம்! குறுக்க பேசாத."

வெயில் ஏறியது. செயின் மனிதனை எண்ணெய்க்கு அடிமையாக்குகிறது என்று பாக்கியநாதன் முழங்கினார். ஷாஃப்ட் ஏழைக்கு எதிரானது என்று சசி மறுத்தான். இருதரப்பும் வென்றதாகத் தலைவர் அறிவித்து, ஒருவழியாக எழுந்தார். ரோசலின் கேனைத் திறந்து விரலை விட்டாள். விரல் இறங்கவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

ஸ்டோரில் பாக்கியநாதன் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "பால் உறைஞ்சிருச்சே ரோசலின்! அரைப் பேர்தான். வேலையில ஒரு அவசரம் வேணாமா?"

பிறகு நீதி தவறாமல், மலைவளைவில் நாளெல்லாம் உழைத்த சசிக்கும் தலைவருக்கும் முழுப் பேர் போட்டார். தனக்கு ஓவர்டைம்.