ஏழரை சதவீதமும் என் ரகசியத் திட்டமும்

டாக்டருக்குப் படிக்க நான் பாடம் படித்ததைவிட, சீட் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளப் பட்ட பாடுதான் அதிகம். கடைசியில் மார்க் வந்தது. வாய்ப்புதான் கைவிட்டுப் போனது. யார் கேட்டாலும் இதை இப்போது சொல்லிவிடுகிறேன். மறைத்து வைக்கத் தெம்பு இல்லை.

அப்போது பத்தாவது முடித்திருந்தேன். பசுமலையில் ஒரு தனியார் பள்ளி. அப்பா அங்கேயே ஆபீஸ் கிளார்க் என்பதால் எனக்குக் கட்டணம் கிடையாது. ஒருநாள் செல்போனில் ஒரு செய்தி வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு. தலைப்பை மட்டும் படித்தேன். கீழே 'மேலும் படிக்க' என்று இருந்ததை அழுத்தவில்லை. (டாக்டராகப் போகிறவனுக்கு நேரம் முக்கியமில்லையா?)

அன்று சாயங்காலமே அப்பாவை உட்காரவைத்துத் திட்டத்தை விளக்கினேன்.

"ப்ளஸ் ஒன்னுக்கு கவர்மெண்ட் ஸ்கூல் மாறிட்டா போதும்ப்பா. அங்க போட்டி கம்மி."

அப்பா யோசித்தார். "எங்க ஆபீஸ்ல யாருட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமா?"

"கேட்டா எல்லாரும் மாறிருவாங்கப்பா. அப்புறம் நமக்கு என்ன மிஞ்சும்?"

மகன் இவ்வளவு விவரமாக வளர்ந்துவிட்டதில் அப்பாவுக்குப் பெருமை. தான் சம்பளம் வாங்கும் பள்ளியிலேயே போய் மகனின் டி.சி.யைக் கேட்டு வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம் "வீட்டுச் சூழ்நிலை" என்றாராம். இரண்டு டீச்சர்கள் அம்மாவைப் பார்க்க வந்து, வீட்டில் என்ன பிரச்சினை என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கீழக்குயில்குடிப் பக்கம் இருந்த ஓர் அரசுப் பள்ளிக்கு இரண்டு வருடம் சைக்கிள் மிதித்தேன். போட்டி கம்மி என்று நான் நம்பிய வகுப்பில் முதல் மாதத் தேர்விலேயே ஒன்பதாவதாக வந்தேன். "பத்து வரைக்கும் அங்க படிச்சுட்டு எதுக்குப்பா இங்க வந்த?" என்று வேதியியல் சார் ஒருநாள் அக்கறையாகக் கேட்டார். வீடு பக்கம் என்று புளுகினேன். திட்டம் வெளியே கசியக் கூடாது அல்லவா.

நீட் தேர்வு முடிவு வந்தது. என் மார்க்குக்குப் பொதுப் பட்டியலில் இடமே கிடைக்காது. ஆனால் அரசுப் பள்ளிப் பட்டியலில் தாராளமாகக் கிடைக்கும். அப்பா அழுதேவிட்டார். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, ஒரு கிலோ லட்டோடு வந்து சேர்ந்தார். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ் வாங்க அப்பா, மாமா, நான் மூன்று பேரும் லட்டு டப்பாவோடு தலைமை ஆசிரியை அறைக்குப் போனோம். நான் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

மேடம் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். "ஆறாவது எங்கப்பா படிச்ச?"

"பசுமலைல மேடம்."

"ஏழாவது?"

"அங்கதான்."

"எட்டு?"

இந்த முறை அப்பா பதில் சொன்னார். "அதே ஸ்கூல்தான் மேடம்."

பத்து வரைக்கும் அவர் ஒவ்வொரு வகுப்பாகக் கேட்டார். அப்பாவின் குரல் ஒவ்வொரு வகுப்புக்கும் கொஞ்சம் இறங்கியது. மேடம் பேனாவை மூடிவிட்டு விண்ணப்பத்தை எங்கள் பக்கம் திருப்பினார், ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"சேரும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாமா விடுவதாக இல்லை. "மேடம், ஏழு வருசம் படிச்சவனுக்கு ஏழரைன்னா, எங்க மாப்ள ரெண்டு வருசம் படிச்சிருக்கான்ல. ரெண்டு சதவீதமாச்சும் குடுக்க மாட்டாகளா?"

"அப்படியெல்லாம் பிரிச்சுக் குடுக்க முடியாதுங்க."

"சரி, ஒன்னு?"

மேடம் தண்ணீர் குடித்தார். நான் தரையிலிருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். சான்றிதழ் கொடுக்க முடியாத வருத்தத்தில், நாங்கள் கொண்டுபோன டப்பாவிலிருந்தே ஒரு லட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "நல்ல மார்க்குப்பா," என்றார். அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வண்டியை எடுக்கும்போது அப்பா சொன்னார், "நானாச்சும் யாருட்டயாவது கேட்டிருக்கணும்டா." அம்புட்டுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர் கேட்பதாக இல்லை.

நான் இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு ஃப்ரிட்ஜ் வாங்கப் போனோம். "பத்து வருசம் வாரண்டிண்ணே," என்றார் கடைக்காரர். அம்மா உடனே, "ஆறாப்புலருந்தான்னு கேட்டுக்கங்க," என்றார். எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி உண்டு. மாமா சிரித்தார், நானும் சிரித்தேன், ஒன்றும் புரியாத கடைக்காரரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாரண்டி அட்டையில் இருந்த பொடி எழுத்தை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். அவர் முடிக்கிறவரை நாங்கள் காத்திருந்தோம்.