ஒன்பதாம் நம்பர் கார்

முதல் தூறல் விழுந்ததுமே கையிலிருந்த மைக் ஷாக்கடித்து பிச்சைமணியின் உதட்டைச் சுரீரென்று கடித்தது.

மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் கிளார்க்கான அவருக்கும் கார் பந்தயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அனுமதிக் காகிதத்தில் ‘பாதுகாப்புப் பொறுப்பு’ என்ற இடத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, மறுத்துப் பேச வாய் வராமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் இன்று நானூறு பேரின் உயிருக்கு அவர் பொறுப்பு.

பொள்ளாச்சிப் பக்கம் வானம் கன்றிக் கறுத்திருந்தது. சேற்றுப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த கார்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மைக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எல்லோரும் தகரப் பந்தலுக்குள் வந்துவிடும்படி அறிவித்தார். ஜனம் சொன்னபடி கேட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. கடைசி ஆள் உள்ளே நுழைந்ததும் காற்று அடித்த அடியில் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு, எல்லோருடைய தலைக்கும் ஒரு முழம் மேலே சுழன்று போய் வரப்பில் செருகி நின்றது.

பிச்சைமணி பதறிப்போய் எல்லோரையும் தென்னந்தோப்புக்கு ஓடச் சொன்னார். பாதிப் பேர் தோப்பை நெருங்கியபோது கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். முதல் வரிசைத் தென்னை ஒன்றின் கொண்டை பற்றி எரிந்தது.

பந்தயம் நடத்தும் லோகேஷ் சேற்றோடு ஓடி வந்தான். “ஏனுங்ணா, மின்னல் வெட்டறப்ப மரத்தடிக்குப் போகச் சொன்னது யாருங்ணா?”

“யாரோ சொல்லிப்போட்டாங்க,” என்றார் பிச்சைமணி.

மூடிய வண்டிக்குள் மின்னல் பாயாது என்று எங்கோ படித்தது அப்போதுதான் நினைவு வந்தது. அவரவர் வண்டிக்குள் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஏறினார்கள். ஏறியவர்கள் சும்மா இருக்காமல் வீட்டுக்குக் கிளம்ப, குறுகலான ஒற்றை வாசலில் வேன்களும் ஜீப்புகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அப்படியே நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். மைக் செத்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் மைதானத்தில் அவர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார். ஆலங்கட்டி மண்டையில் படபடவென்று விழுந்தது. சட்டென்று கையில் உள்ள மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அடுத்த இடி தனக்குத்தான் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

பந்தயம் புறப்படும் மேட்டில் ஒன்பதாம் நம்பர் கார் சரிவைப் பார்த்தபடி தனியே நின்றது. ஓடினார். கதவைத் திறந்து இடப்பக்கத்து சீட்டில் விழுந்து, கதவை அறைந்து சாத்தினார். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி ஹெல்மெட் மாட்டிய டிரைவர் இருந்ததைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

அந்த மூச்சை விடுவதற்குள் கார் நகர்ந்தது.

“மெதுவாப் போங்க, சாமி,” என்றார்.

ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது. கார் வேகமெடுத்தது.

கூரைமேல் ஆலங்கட்டி கொட்டும் இரைச்சலில் வேறு எதுவுமே கேட்கவில்லை. கார் மேட்டிலிருந்து சரிந்து, சேற்றில் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, காற்றில் விழுந்து கிடந்த தென்னை ஒன்றை மயிரிழையில் தாண்டியது. பிச்சைமணி வீட்டில் இருக்கும் மனைவி யோகப்பிரியாவை நினைத்தார். பால் சொசைட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். செத்தால் அந்தப் பொய்யும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

அடுத்த மின்னலில் எதிரே அகன்ற கிணறு தெரிந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

“பிரேக்கைப் போடுங்க.”

ஹெல்மெட் இடமும் வலமும் ஆடியது. சேற்றில் பிரேக் போட்டால் கார் உருண்டுவிடும் என்பது டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, முருகனைக் கூப்பிட்டார்.

கிணற்றோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களில் மெத்தென்று இடித்துக் கார் நின்றது. முன் சக்கரத்துக்குக் கீழிருந்து மண் உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

கால் மணி நேரத்தில் மழை விட்டது. வாசலில் நெரிசலில் மாட்டி வண்டிக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். பிச்சைமணி டிரைவரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“இப்படி ஒரு ஓட்டத்த நான் பாத்ததே இல்லீங்க. உங்களாலதான் இன்னைக்கு உசுரோட இருக்கறேன்.”

டிரைவர் மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த, பந்தயத்தில் மாங்காய் விற்க வந்த காளியாத்தாள், இறுக மூடியிருந்த ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

“நான் ஆலங்கட்டிக்குப் பயந்து, கெடந்த தொப்பிய மாட்டிட்டு இதுக்குள்ள ஒதுங்குனவளுங்க, ஓட்டறவரு இன்னும் வரவே இல்லீங்களே.”