ஓரம் உடைந்த செங்கல்

“இந்தச் செங்கல்லுக்குப் பேர் கிடையாதா அக்கா?”

“செங்கல்லுக்கு எதுக்குத் தம்பி பேரு? ஓரம் உடைஞ்சது என்னோடதுன்னு சந்துக்கே தெரியும்.”

“கம்ப்யூட்டருக்குத் தெரியாதே!”

“ஏன், அதுக்கும் தண்ணி வேணுமா?” என்றாள் நாகம்மா.

கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவன் மகேஷ் சிரித்துவிட்டான். டாக்குரியா ரயில் பாதையோரச் சந்து முழுவதற்கும் ஒரே குழாய். விடியும் முன்பே செங்கல்லும் ஓட்டை வாளியும் ஒற்றைச் செருப்பும் ஆட்களுக்குப் பதிலாக அங்கே வரிசையில் நிற்கும். இரண்டாவது குழாய் கேட்டு மாநகராட்சிக்குப் போட்ட மனுவுக்கு, ‘பார்வையிட வருகிறோம்’ என்று பதில் வந்திருந்தது. அவர்கள் வருகிறபோது வரட்டும் என்று, பேட்டைப் பையன்கள் கூடும் பாடா கிளப்பில் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் துணி போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினான் மகேஷ். தண்ணீருக்கு முறைச்சீட்டு அச்சிடும் மென்பொருள் எழுதினான். அது இரண்டாயிரத்து இரண்டு. மென்பொருளால் உலகத்தைத் திருத்திவிடலாம் என்று அவன் நம்பிய வயது.

முதல் சீட்டு ஆங்கில எழுத்து வரிசையில் வந்தது. ‘பி’யில் தொடங்கும் பிஸ்வாஸ் வீட்டார் முந்திக்கொண்டார்கள். நாகம்மாவின் முறை வந்தபோது குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. பவானிபூரில் அவள் சமைக்கும் வீட்டு எஜமானி பௌதி, இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்றாள்.

மகேஷ் திருத்தினான். பெரிய குடும்பத்துக்கு முதலிடம். ஒரே இரவில் சந்தில் ஜனத்தொகை பெருகியது. பிஸ்வாஸ் வீட்டு மருமகளுக்கு மட்டும் நான்கு மாமியார்கள்.

“உங்க வீட்டுல எத்தனை பேருக்கா?”

“நானும் எம் மகளும்.”

“நிஜமாவா?”

“பொய் சொல்லணும்னு சொல்லவே இல்லையே தம்பி!”

அடுத்த திருத்தம்: சீக்கிரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலிடம். வாதத்தில் படுத்துக் கிடந்த தாது தாத்தா உட்பட எல்லாரும் விடிகாலை வேலைக்குப் போகிறவர்கள் ஆனார்கள். குழாயடியில் கைகலப்பு. அன்று நாகம்மாவுக்கு பவானிபூர் வீட்டுச் சமையல் வேலை போயிற்று.

“செங்கல் காலத்துல எனக்கு வேலை இருந்துச்சு தம்பி,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மகேஷ் அன்றிரவே கிளப்புக்குப் போனான். மறுபடி உட்கார்ந்து முழுவதையும் அழித்து எழுதினான். வீட்டுக்கு ஒரு நேரம். வாராவாரம் முறை மாறும்.

இந்த முறை பலித்தது. அவரவர் நேரத்துக்கு வந்தார்கள், பிடித்தார்கள், போனார்கள். நாகம்மாவுக்கு வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது. செங்கல் அவள் கட்டில் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போயிற்று. ஆளில்லாத குழாயடியைப் படம் எடுத்துக் கல்லூரியில் காட்டினான் மகேஷ். பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார்.

சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு அவன் கிளப்புக்கு வந்தபோது நாகம்மா காத்திருந்தாள். கையில் அதே செங்கல்.

“என்னக்கா, மறுபடியும் இது?”

“நேத்து இஞ்சினியர் பாபு வந்தாரு.”

“குழாய் கிடைச்சுதா?”

“குழாயடியில ஈ காக்கா இல்ல. ‘தண்ணிக்கு அடிச்சுக்கறோம்னு எழுதினீங்க, ஒரு பக்கெட்டைக்கூடக் காணோமே’ன்னாரு. புதுக் குழாயை அடுத்த சந்துக்கு எழுதிட்டாரு. கால்ல விழாத குறையாக் கெஞ்சினோம். நாளைக்கு ஒரே ஒரு தடவை வந்து பாக்கிறாராம்.”

செங்கல்லைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் மெல்ல வைத்தாள்.

“தம்பி, இந்தப் பொட்டியில பழையபடி ஒரு நீள வரிசை போட்டுக் குடுக்கறியா?”