கிபெலா ஊரின் முதுகுகள் தொல்பொருளான கதை

பல்கேரியாவில், பூமியே வெந்நீர் போட்டுக் கொடுக்கிற கிபெலா என்ற மலையடிவார ஊரில், நகராட்சிக்குச் சொந்தமான ஒரு குளியல் இல்லம் உண்டு. அங்கே உடம்பு பிடித்துவிடும் உத்தியோகத்தில் இருந்தவள் டோப்ரினா. ஐம்பதைத் தாண்டியவள். கை கனம், வாய் அதைவிடக் கொஞ்சம் கனம். அவளிடம் முதுகைக் கொடுத்தவர்கள் முதலில் அம்மாவைக் கூப்பிடுவார்கள், பிறகு கடவுளைக் கூப்பிடுவார்கள், அப்புறம் எழுந்து நிமிர்ந்து நடந்துபோய் எதிர்க்கடையில் ஒரு குவளை மோர் குடிப்பார்கள்.

இவ்வாறு ஊர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த காலத்தில், பொதுமக்களின் உடல்நலனைப் பேணிக் காக்கும் உன்னத நோக்கத்தோடு தலைநகர் சோஃபியாவிலிருந்து ஓர் ஆணை வந்தது. மருத்துவப் பட்டம் பெறாத எவரும் சிகிச்சை என்ற பெயரில் பிறர் உடம்பைத் தொடலாகாது.

ஆணையைக் கொண்டுவந்தவர் நகராட்சி சுகாதார அதிகாரி லியுபென் கராஜோவ். வாரம் தவறாமல் டோப்ரினாவிடம் இடுப்பைக் கொடுப்பவர்.

"இனிமே தொடக்கூடாதும்மா" என்றார்.

"தொடாம எப்படி சார் பிடிச்சுவிடறது?"

"அது உங்க தொழில் நுணுக்கம். அதுல அரசாங்கம் தலையிடாது."

"சரி, உங்க இடுப்பு?"

லியுபென் உடம்பு பிடிக்கும் பலகையை ஏக்கமாகப் பார்த்தார். "அதுவும் ஆணைக்குக் கட்டுப்பட்டதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டோப்ரினா காலியான பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருக்க, எதிர்வரிசையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஷக்லின் என்ற இளம்பெண் ஒரு விளம்பரப் பலகை மாட்டினாள்: "தொடாத மசாஜ்." படுத்திருப்பவரின் முதுகுக்கு ஒரு சாண் மேலே இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக மிதக்கவிடுவாள். அவ்வளவுதான். சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தொட்டால் உடம்புக்கு, தொடாவிட்டால் ஆத்மாவுக்கு என்று ஊரில் பேச்சு பரவியது. போன வாரம்வரை டோப்ரினாவிடம் அலறியவர்களெல்லாம் ஷக்லின் கடையிலிருந்து அதே கூனல் முதுகோடு வெளியே வந்து, "என்னமோ லேசா இருக்கு" என்றார்கள்.

"அப்படியே தொடாம முடியையும் வெட்டிவிடச் சொல்லுங்க" என்றாள் டோப்ரினா. யாரும் சிரிக்கவில்லை. ஆத்மா விஷயமாயிற்றே.

ஒரு நாள் லியுபென் தன் அலுவலகத்தில் கீழே விழுந்த ரப்பர் முத்திரையை எடுக்கக் குனிந்தார். முத்திரை வந்தது, லியுபென் வரவில்லை. இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. மடக்குக் கத்தியைப் பாதி திறந்த மாதிரி தெருவில் நடந்து ஷக்லினிடம் போனார். அவள் கைகளை மிதக்கவிட்டாள். நன்றாகத் தூங்கினார். எழுந்தபோதும் அதே கோணத்தில்தான் இருந்தார். அங்கிருந்து நேரே குளியல் இல்லத்துக்கு வந்து, டோப்ரினாவின் செருப்பைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"தொடட்டுமா?" என்று கேட்டாள் டோப்ரினா.

"சட்டம் இருக்கேம்மா."

"அப்ப இப்படியே இருங்க சார். ஊருல யாராவது எதையாவது தொலைச்சா உங்களைத்தான் கூப்பிடணும்."

தரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத நிலையில், லியுபென் அரசாங்க விதிப்புத்தகங்களைத் தரையில் விரித்துப் போட்டுப் படித்தார். அவருடைய இருபதாண்டு சேவையில் விதிகளை முழுதாகப் படித்தது அப்போதுதான். கலாசாரத் துறையின் விதியொன்று கண்ணில் பட்டது. பழங்கால வழக்கங்களை அருங்காட்சியகத்தில் செய்து காட்டப் பட்டம் எதுவும் தேவையில்லை.

மறுநாளே குளியல் இல்லம் "உடல் பிடித்தல் வரலாற்று அருங்காட்சியகம்" ஆயிற்று. செய்து காட்டும் பொறுப்பு டோப்ரினாவுக்கு.

"எனக்கு வரலாறு தெரியாதே சார்" என்றாள் அவள்.

"யாருக்கும்மா தெரியும்? நீங்க பாட்டுக்கு அடிங்க. அடிக்கிறப்ப ஏதாவது ஒரு காலத்தோட பேரைச் சொல்லுங்க."

டோப்ரினா கட்டைவிரலை அவர் தோளில் பதித்து, "இது திரேசியர் காலம்" என்றாள். முழங்கையை விலாவில் இறக்கி, "இது ரோமானியர்" என்றாள். உள்ளங்கையை ஓங்கி, "இது துருக்கியர்" என்றாள். இடுப்பில் சடக்கென்று ஒரு சத்தம். லியுபென் பல நாளுக்குப் பிறகு உத்தரத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. வெள்ளையடிக்க வேண்டும் என்று சொன்னார்.

அதன்பின் ஊரில் வரலாற்று ஆர்வம் கரைபுரண்டது. "எனக்குக் கழுத்துக்கு மட்டும் ரோமானியர் போதும்" என்பார் தபால் அதிகாரி. "தோழர்கள் ஆட்சிக் காலம் வேண்டாம்மா, அது ரொம்ப வலிக்குது" என்பார் மேயர். பண்பாட்டுக் கல்வி முடிந்து எல்லோரும் மோர் குடிக்கப் போவார்கள். எதிர்வரிசையில் ஷக்லின் தன் காலியான கட்டிலின் மேல் கைகளை மிதக்கவிட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

இந்தச் செய்தி சோஃபியாவுக்கு எட்டி, அருங்காட்சியகத் துறை ஆய்வாளர் வெலிசாரா நெஞ்சேவா அம்மையார் வந்து இறங்கினார். நீண்ட பயணத்தால் கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பியிருந்தது.

"அருங்காட்சியகத்துல காட்சிப்பொருளைத் தொடக்கூடாதுன்னு தெரியாதா?" என்றார், சுவரைப் பார்த்து.

"எதும்மா காட்சிப்பொருள்?" என்றாள் டோப்ரினா.

"படுத்திருக்கிற முதுகு."

"தொடாம எப்படிக் காட்டறது?"

"தொல்பொருளைப் பழுது பார்க்கிறவங்க மட்டும்தான் தொடலாம்."

லியுபென் சட்டென்று முன்னால் வந்தார். "இவங்க அந்த வேலைலதான் இருக்காங்க மேடம்."

"அப்படின்னா இந்த முதுகெல்லாம் தொல்பொருளா?"

"சந்தேகம்னா தொட்டுப் பாருங்க."

"தொடக்கூடாது" என்றார் அம்மையார். சோதிக்க வழியில்லாததால் ஒப்புக்கொண்டார். கிபெலா ஊர் முதுகுகள் முறைப்படி தேசியத் தொல்பொருள்களாக அறிவிக்கப்பட்டன.

ஆனால் தொல்பொருளை அமைச்சகத்தின் அனுமதியின்றி அருங்காட்சியகத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது என்றும் விதி இருந்தது. முதல் தொல்பொருளான லியுபென் கடமை தவறாதவர். வீட்டுக்குப் போகாமல் வெந்நீர்த் தொட்டியிலேயே தங்கிவிட்டார். அடுத்து மேயர், தபால் அதிகாரி, பதிவாளர். மனைவிமார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். சில மனைவிமார், "எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துக்குங்க, எதுக்கும் நகர்றதே இல்ல" என்று கையோடு அழைத்துவந்து விட்டுப் போனார்கள். நகராட்சி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்தும் எந்த வேலையும் தடைபடவில்லை என்பதை ஊர் கண்டு கொஞ்சம் திடுக்கிட்டது.

வேனிலுக்குப் பிறகு அம்மையார் மறுபடி வந்தார். "நல்ல சேதி. பழைய ஆணையை ரத்து பண்ணிட்டாங்க. இனிமே யாரு வேணா யாரையும் பிடிச்சுவிடலாம்."

தொட்டியில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"அப்ப நாங்க?" என்றார் லியுபென், கழுத்தளவு நீரிலிருந்து.

"நீங்க சாதாரண மனுஷங்க. வேலைக்குத் திரும்பலாம்."

அந்த ஆணையை அதுவரை சபித்துக்கொண்டிருந்த ஊர் முழுக்க ஒரே குரலில் எழுந்து, மக்கள் நலன் காக்கும் அந்த ஆணையில் கை வைக்க விடமாட்டோம் என்றது. அம்மையார் பதில் சொல்லத் தலையைத் திருப்பினார், கழுத்து பிடித்துக்கொண்டது. டோப்ரினா பலகையைக் காட்டினாள். ரோமானியர் காலம் முடிவதற்குள் அம்மையாரும் தேசத்தின் சொத்தானார்; ரத்து உத்தரவு அவர் பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

இத்தனை தொல்பொருளையும் தேய்த்ததில் டோப்ரினாவின் வலது தோள் தூக்க முடியாமல் போயிற்று. லியுபெனிடம் போய் நின்றாள்.

"சார், யாராவது இதைக் கொஞ்சம் பிடிச்சுவிடுங்க."

லியுபென் கண்ணைத் திறக்காமலே யோசித்தார். "நீங்க தொல்பொருள் இல்லையேம்மா. பழுது பார்க்கிறவங்களைப் பழுது பார்க்க விதி கிடையாது."

அன்று சாயங்காலம் டோப்ரினா தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு ஷக்லின் கடையின் பின்கதவைத் தட்டினாள்.

"சிரிச்சியோ, அவ்வளவுதான்."

"நான் ஏன்க்கா சிரிக்கப்போறேன்? படுங்க."

ஷக்லின் கைகளை மிதக்கவிட்டாள். இந்தப் பித்தலாட்டத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே டோப்ரினா தூங்கிப்போனாள். எழுந்து கையைத் தூக்கினாள். உச்சிவரை போயிற்று. வலி இல்லை. கீழே இறக்கி மறுபடி தூக்கினாள். அப்போதும் இல்லை.

"என்னடி செஞ்ச?"

"ஒண்ணுமே செய்யலக்கா. அதான இந்த வைத்தியம்."

டோப்ரினாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலைத்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் லியுபென் பலகையில் படுத்துக்கொண்டு, "தோள் சரியாயிடுச்சு போல? யாரு வைத்தியம்?" என்று கேட்டார்.

"நானே சூடா ஒத்தடம் குடுத்தேன்" என்று சொல்லி, அவர் முதுகில் ஒன்று போட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அம்மா... இது எந்தக் காலத்து அடி?"

"இந்தக் காலத்து அடி" என்றாள் டோப்ரினா.