பேய்க்கு வருகைப் பதிவேடு போட்ட ஸ்கேல் டீச்சர்

எனக்குத் தெரிந்து அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்திலேயே பேய்க்கு வருகைப் பதிவேடு போட்ட ஒரே ஆசிரியை எங்கள் ஸ்கேல் டீச்சர்தான். பேய் என்றால் மற்றவர்கள் வேப்பிலையைத் தேடுவார்கள். இவர் கைப்பையிலிருந்து மரஸ்கேலை உருவுவார்.

வரதராசன்பேட்டைக்காரர், கணக்கு ஆசிரியை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, சம்பளப் பட்டியலில் மட்டும். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். சத்துணவு முட்டையை அளப்பார், வேப்பமரத்தின் சுற்றளவை அளப்பார். ஒருநாள் மைதானத்தில் நின்றிருந்த தலைமையாசிரியரின் நிழலைக் காலையிலும் மதியத்திலும் அளந்துவிட்டு, "சார், மதியத்துல நீங்க ரொம்பக் குறைஞ்சு போயிடுறீங்க" என்றார். மறுநாளிலிருந்து அந்த மனிதர் மதியத்தில் மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்.

நான் அதே பள்ளியில் தமிழாசிரியர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரம் எங்கள் பள்ளி. பழைய கட்டடத்தின் கடைசி அறைதான் நூலகம். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் பேய் ரூம்.

காரணம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறைக்குள் நின்றால் முதலில் ஜன்னல் கொக்கி தானாக ஆடும். காற்று இருக்காது. அப்புறம் மேல்தட்டில் விளிம்போரம் இருக்கும் புத்தகம் ஏதாவது ஒன்று, யாரோ பின்னாலிருந்து விரலால் தள்ளியதுபோல், மெல்ல முன்னால் நகர்ந்து 'தொப்'பென்று விழும். எப்போதோ செத்துப்போன நூலகர் ஒருவர், திரும்பி வராத புத்தகங்களைத் தேடுகிறார் என்று பள்ளிக்கூடமே நம்பியது. நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன். ஆனால் ஆறு வருடமாக என் வீட்டில் இருந்த நூலக அகராதியை ஒருநாள் காலையில் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பள்ளி நூலகத்தில் 'ஸ்டெம்' செயல்பாடுகள் நடத்த வேண்டுமாம்.

"ஸ்டெம்னா தண்டுதானே? நூலகத்துல செடி வைக்கச் சொல்றாங்களா?" என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார்.

"அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணக்கு. நாலும் சேந்தது சார்" என்றார் ஸ்கேல் டீச்சர். "சாவியக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"அந்த ரூமாம்மா?"

"அங்கதான் சார் பரிசோதனைக்கு ஆள் ரெடியா இருக்கு."

மறுநாளே ஏழாம் வகுப்பை உள்ளே அழைத்துப் போனார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, 'கிழமை, நேரம், வருகை, விழுந்த புத்தகங்கள்' என்று எழுதினார். புத்தகம் விழுந்தால் பேய் 'வந்தது'. விழாவிட்டால் 'வரவில்லை'. பிள்ளைகளுக்குப் பயம் பாதியானது. எனக்கு இரட்டிப்பானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தனியாக வந்து, பூட்டைத் திறந்து, மதியம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

"சார், நேத்து வரல" என்று திங்கட்கிழமை சொன்னார்.

"யாரு?"

"பேய்தான். ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குது. கேட்டா லீவ் லெட்டரும் குடுக்கும் போலிருக்கு."

அடுத்து, உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டார். நுனியில், வயலில் பிள்ளைகள் பொறுக்கி வந்த சுருள் கல். எங்கள் ஊர் கடலுக்கடியில் கிடந்த காலத்தில் ஏதோ ஒரு ஜீவன் குடியிருந்த கூடு அது. கல்லுக்கு அடியில் ஒரு ஸ்கெட்ச் பேனா. பேனாவுக்குக் கீழே மேசையில், நீளமாக வெட்டி ஒன்றோடொன்று ஒட்டிய சார்ட் தாள். கயல்விழி என்ற பெண் அந்தத் தாளை ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருப்பாள். பேனா நேர்கோடு போடும்.

முதல் நாள் வேடிக்கை பார்க்க நானும் போனேன். சிவப்புக் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் மூச்சு விடவில்லை. கொக்கி ஆடியது. கல் லேசாகச் சிலிர்த்தது. பேனா வலதும் இடதுமாகக் கிறுக்கத் தொடங்கியது. யாரும் பிடிக்காத பேனா எழுதுவதை அன்றுதான் பார்த்தேன். அது தமிழில் எழுதிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். படித்துச் சொல் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"மிஸ்" என்றாள் கயல்விழி. "எங்கப்பா கல் குவாரில வேல பாக்குறாரு. இந்த நேரத்துலதான் அங்க வெடி வைப்பாங்க."

அவ்வளவுதான். வெடிச்சத்தம் எங்கள் காதுகளுக்குப் பழகிப்போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அது மண்ணுக்குள் நடந்து வந்து எங்கள் அலமாரியைத் தட்டியது மட்டும் பழகவில்லை. பேய் ஒழிந்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் நூலகத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

ஸ்கேல் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஓடிய விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை சிமெண்ட் வைத்து ஒட்டினார்.

"செவுரு அசஞ்சா கண்ணாடி ஒடையும் சார்."

"ஒடையலன்னா?"

"சந்தோசம்."

தலைமையாசிரியரிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் "மேல எழுதியிருக்கும்மா" என்ற பதில்தான் வந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. குவாரிக் குழியில் தண்ணீர் நின்று, நாலு நாளாக வெடியே இல்லை. ஐந்தாம் நாள் காலை, மூன்றாவது பாடவேளை. நூலகத்தில் டீச்சரோடு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலருகே நின்றிருந்தேன். கயல்விழி பழக்கதோஷத்தில் தாளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்… இன்னைக்கு வெடி இல்லியே?"

பேனா கிறுக்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. லாரி கூடப் போகவில்லை. அந்த அமைதிக்குள் சுருள் கல் மட்டும், கயிற்றில், எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தது. அப்போது சுவரில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

டீச்சர் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். இரண்டு உடைந்திருந்தன. குரல் உயரவே இல்லை.

"புள்ளைங்களா, புத்தகத்த அப்படியே வச்சிட்டு வெளிய வாங்க. வரிசையா. பைய எடுக்காதீங்க. யாரும் ஓடக் கூடாது."

அவர் 'ஓடக் கூடாது' என்றபோது நான் வேப்பமரத்தடியில் இருந்தேன்.

கடைசியாக அவர் வெளியே வந்து பத்து எட்டு வைத்திருப்பார். ஒரு பெருமூச்சு மாதிரிதான் கேட்டது. நூலகக் கூரையின் பாதி உள்ளே இறங்கிவிட்டது. வாசல் வழியாகச் சுண்ணாம்புப் புழுதி வெள்ளையாக, நிதானமாக, ஆள் நடந்து வருவதுபோல் வெளியே வந்தது.

டீச்சர் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு உடம்பிலிருந்த காற்றெல்லாம் போய்விட்டதுபோல் மண்ணில் உட்கார்ந்தார்.

"முப்பத்தி மூணு. சரியா இருக்கு."

எனக்கு மயிர்க்கால் குத்திட்டது. வகுப்பில் இருந்ததே முப்பத்திரண்டு பேர்தான். புழுதிக்குள் அந்த வாசலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"டீச்சர்… ஒண்ணு கூடுதலா வருதே?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களையும் சேத்துத்தான் சார் எண்ணுனேன்."